மரம் ஏற்கும் வண்ணம்

கூத்தப்பெருமான் ஆடும் அம்பலங்கள் ஐந்து என்பது தமிழ்நாட்டு மரபு. திருவாலங்காட்டில் இரத்தின சபை, தில்லையில் பொற்சபை, மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை, திருக்குற்றாலத்தில் சித்திர சபை. இப்பெயர்களை வரிசையாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதல் நான்கும் மண்ணை அகழ்ந்து எடுக்கும் மணியாலும் உலோகத்தாலும் பெயர் பெற்றவை. ஐந்தாவது அம்பலம் ஒன்றே மனிதனின் கை தீட்டும் வண்ணத்தால் பெயர் பெற்றது. பொன்னுக்கும் வெள்ளிக்கும் பக்கத்தில் வண்ணத்தையும் ஒரு செல்வமாக வைத்து எண்ணிய முன்னோரின் உள்ளத்தை எண்ணி வியக்கிறேன்.

சித்திர சபையின் சுவரோவியங்களைப் பற்றிப் பலர் பேசியும் எழுதியும் இருக்கிறார்கள். ஆதலின் நான் இன்று எடுத்துக்கொண்டது அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பொருள்: மரத்துக்கு வண்ணம் ஏற்றிய வரலாறு. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை என்னும் மூன்று ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருப்பவை. மலை இருந்தமையால் மரம் இருந்தது. மரம் இருந்தமையால் தச்சரும் கடைசல்காரரும் இருந்தனர். 1904ஆம் ஆண்டில் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சமவெளியும் மேற்குக் கடற்கரையும் அதனால் இணைந்தன. இத்தகைய நிலப்பகுதியில் மரத்தையும் அதன் நிறத்தையும் அறியாமல் வாழ்ந்தவர் குறைவு.

மரத்துக்கு வண்ணம் ஏற்றுதல் என்பதைத் தொடங்குமுன் மரம் என்பது யாது என்று கேட்போம். தொல்காப்பிய மரபியல் இதற்கு ஒரு தெளிவான விடை வைத்திருக்கிறது. உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அது வகுக்கிறது. தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினம். தேக்கும் வேங்கையும் மரம். நம் தச்சரும் இன்றுவரை மரத்தின் நடுப்பகுதியை வைரம் என்றும், பட்டையை அடுத்த வெளிர்நிறப் பகுதியை வெளிறு என்றும் வழங்குகிறார்கள். வைரம் இறுகியது, நிறம் மிகுந்தது, சாயத்தை மெல்ல ஏற்பது. வெளிறு நீரைக் கொண்டுசென்ற பகுதி, மென்மையானது, சாயத்தை விரைந்து குடிப்பது. ஒரே பலகையில் இவ்விரண்டும் கலந்திருந்தால் ஒரே சாயம் இருவேறு நிறமாகத் தோன்றும்.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் வகுப்பறையில் ஒரு சிறு சோதனை செய்து காட்டுவது வழக்கம். தச்சர் எறிந்துவிடும் கட்டைத்துண்டு ஒன்றை எடுத்து, அதன் பக்கவாட்டுப் பரப்பில் ஒரு சொட்டு நீலமையும், குறுக்கே அறுபட்ட முனையில் ஒரு சொட்டு நீலமையும் விடுவேன். பக்கவாட்டில் விட்ட துளி சற்று நேரம் மேலேயே நிற்கும். முனையில் விட்ட துளி கண்முன்னே உள்ளே போய்விடும். வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றிய நுண்குழாய்கள் அந்த முனையில் வாய் திறந்து நிற்பதே காரணம். மரம் வெட்டப்பட்டுப் பல்லாண்டு ஆனாலும் அக்குழாய்கள் குடிக்கும் இயல்பை விடுவதில்லை. இந்த ஒரு சோதனையை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே நான் சொல்லப்போவது முழுவதும் எளிதில் விளங்கும்.

மரத்துக்கு நிறம் தரும் வழிகள் நம் நாட்டில் மூன்று இருந்தன.

முதல் வழி, மரத்தை மறைத்து அதன்மேல் வண்ணம் தீட்டுவது. தஞ்சாவூர் ஓவியங்களைப் பலகைப்படம் என்பர். பலாப்பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையோடு குழைத்துப் பூசி, வழுவழுப்பாகத் தேய்த்து, அதன்மேல்தான் வண்ணத்தையும் பொன்தகட்டையும் வைப்பார்கள். அங்கே பலகை தாங்கும் பொருளாக நிற்கிறது. வண்ணம் பலகையைத் தொடுவதே இல்லை. கோயில் வாகனங்களுக்கு வண்ணம் தீட்டுவதும் ஏறக்குறைய இவ்வகையே. நிறமி என்பது நீரிலோ எண்ணெயிலோ கரையாத நுண்பொடி. காவிக்கல்லும் செம்மண்ணும் விளக்குக்கரியும் நிறமிகள். அவை மரக்குழாய்க்குள் கரைந்து நுழைய மாட்டா. மேலே படிந்து நிற்கும். ஆகவே அவற்றைப் பிடித்து வைக்கப் பசையும் தளமும் வேண்டியிருந்தன.

அம்பாசமுத்திரத்தை அடுத்த திருப்புடைமருதூருக்கு நீங்கள் ஒருமுறை சென்று வரவேண்டும். தாமிரபரணியோடு கடனாநதி கூடும் இடம் அது. அங்குள்ள நாறும்பூநாதர் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்தின் உட்புறத்தில், நிலைதோறும் சுவரில் ஓவியங்களும், தூணிலும் உத்தரத்திலும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. சுவரும் மரமும் ஒரே கூரையின்கீழ் அருகருகே நிற்பதால், கலைஞன் ஒவ்வொன்றையும் எவ்வாறு கையாண்டான் என்பதை ஒப்பிட்டுக் காணலாம். மழையும் நேர்வெயிலும் படாத உள்ளிடம் ஆனமையால் பல நூற்றாண்டுகளைக் கடந்தும் அவை நிற்கின்றன. வண்ணத்துக்கு முதற்பகைவர் நீரும் ஒளியும் என்னும் பாடத்தை அக்கோபுரம் சொல்லாமல் சொல்லுகிறது.

இரண்டாவது வழி, அரக்கால் நிறம் ஏற்றுவது. இதற்கு நாம் அம்பாசமுத்திரத்தைவிட்டு எங்கும் போகவேண்டியதில்லை. அவ்வூர்ச் செப்புச் சாமான்களைக் கையில் வைத்து விளையாடாத குழந்தைகள் ஒரு காலத்தில் நெல்லைச் சீமையில் இல்லை. சிறு பானை, சிறு அடுப்பு, சிறு அம்மி, சிறு ஆட்டுக்கல் என்று ஒரு வீட்டின் அடுக்களை முழுவதும் ஓர் ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். பழைய கடைசல்காரர் இதற்கு மஞ்சட்கடம்பு மரத்தை விரும்பினர். அது நெருங்கிய இழை உடையது. கடையும்போது பிசிறு எழுவதில்லை.

கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழற்றுவார்கள். முற்காலத்தில் கயிற்றைச் சுற்றிக் கையால் இழுத்துச் சுழற்றினர். பின்னர் மின்விசை வந்தது. உளியால் உருவம் கடைந்து, மேனியை வழுவழுப்பாக்கியபின், நிறம் கலந்த அரக்குக் கோலைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வினால் வெப்பம் பிறக்கும். வெப்பத்தால் அரக்கு இளகி, மரத்தின் மேனியில் இழைந்து படியும். பிறகு தாழைமடலை வைத்து அழுத்தினால் அரக்கு எங்கும் ஒன்றுபோலப் பரவிக் கண்ணாடிபோல மின்னும். தனியே தூரிகை வேண்டாம். உலரவைக்கும் காலமும் வேண்டாம். சுழற்சியே அடுப்பு, தாழைமடலே மெருகு. இயற்பியல் நூலில் உராய்வு வெப்பத்தைப் படிக்கும் மாணவர் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

அரக்கு என்பது ஒரு சிறு பூச்சியின் சுரப்பு. புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் கொம்பில் அப்பூச்சிகள் கூட்டமாகத் தங்கித் தம்மைச் சுற்றி அமைத்துக்கொள்ளும் மேலோடு அது. கொம்போடு எடுப்பதால் கொம்பரக்கு. அதைக் கழுவினால் செந்நிறச் சாயம் தனியே பிரியும். எஞ்சியதை உருக்கி மெல்லிய ஏடாக்கினால் அவலரக்கு. ஆக, ஒரே பூச்சி நமக்குச் சாயத்தையும் மெருகையும் சேர்த்துத் தருகிறது. பாண்டவர்க்குத் துரியோதனன் அமைத்த மாளிகையும் அரக்கினால் ஆனதே என்பதை நினைத்தால், இப்பொருளின் பழமை விளங்கும். அது எளிதில் தீப்பற்றும் என்பதும் விளங்கும்.

மூன்றாவது வழியே இன்றைய பேச்சின் நடு. மரத்தை மறைக்காமல், மரத்துக்குள்ளேயே நிறத்தைப் புகவிடுவது. இதையே மரச்சாயம் என்கிறோம். சாயம் நிறமியைப் போன்றதன்று, அது கரைவது. கரைந்து நுண்குழாய்களுக்குள் நுழைந்து அங்கேயே தங்கும். மரத்தின் ரேகை மறையாது. முன்னினும் தெளிவாகத் தோன்றும்.

இதற்கான பொருள்களை மலையும் தோட்டமும் தந்தன. பதங்கக் கட்டையைக் கொதிக்கவைத்தால் சிவப்பு. மஞ்சட்கிழங்கில் மஞ்சள், ஆனால் அது வெயிலில் விரைவில் வெளுக்கும். வேங்கை மரக்குவளையில் இரவில் ஊற்றிய நீர் காலையில் நிறம் மாறியிருப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். மரமே தன் சாயத்தை நீருக்குத் தருகிறது. கருமைக்குக் கடுக்காயும் அன்னபேதியும் போதும். கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருளும் அன்னபேதியில் உள்ள இரும்பும் கூடிக் கரிய நிறம் ஆகும். நம் முன்னோர் எழுதும் மை செய்த முறையும் இதுவே. முதலில் கடுக்காய் நீரை மரத்துக்குக் கொடுத்து, உலர்ந்தபின் அன்னபேதி நீரைக் கொடுத்தால், கருமை மரத்தின் உள்ளேயே பிறக்கும். வெளியே செய்து கொண்டுவந்து பூசிய கருமையைவிட அது ஆழமானது. சாயம் பற்றி நிற்க உதவும் இத்தகைய பொருள்களை நிறநிறுத்தி என்பர். சாயத்தொழிலில் படிகாரமும் அவ்வகையைச் சேர்ந்தது.

இம்மூன்று வழிகளையும் ஒரே ஆண்டில் புரட்டிப்போட்ட நிகழ்ச்சி ஒன்று இலண்டன் மாநகரில் நடந்தது. 1856ஆம் ஆண்டு, வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர் நிலக்கரித் தாரிலிருந்து கொயினா மருந்தைச் செய்ய முயன்றார். மருந்து கிடைக்கவில்லை; ஊதாநிறச் சாயம் ஒன்று கிடைத்தது. அதன்பின் தாரிலிருந்து சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. 1897இல் செயற்கை நீலமும் செருமானியச் சாலையிலிருந்து சந்தைக்கு வந்தது. நம் நாட்டு அவுரி வீழ்ந்தது. அரக்குச் சாயமும் வீழ்ந்தது. ஒருகாலத்தில் சாயத்துக்காகவே அரக்கை வாங்கியவர்கள் இப்போது சாயத்தைக் கழுவி விட்டுவிட்டு அவலரக்கை மட்டும் கேட்டார்கள். மேல்நாட்டு மேசை நாற்காலிகளுக்கு மெருகு தரவும், பிறகு இசைத்தட்டுச் செய்யவும் அது பயன்பட்டது. வானொலி நிலையங்களில் முற்காலத்தில் சுழன்ற இசைத்தட்டுகளில் நம் நாட்டுக் காட்டுப் பூச்சியின் உழைப்பு கலந்திருந்தது. 1924இல் இராஞ்சிக்கு அருகே நாம்குமில் அரக்கு ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் தோன்றியதும் இந்த வாணிகத்தின் பயனே.

விலை மலிந்த புதுச்சாயம் நம் கடைசல் பட்டறைக்கும் வந்தது. பளிச்சென்ற நிறம், குறைந்த உழைப்பு. யாரையும் குறைகூற இயலாது. வயிற்றுப்பாடு எல்லோர்க்கும் உண்டு. ஆனால் மலிவான வண்ணப்பூச்சுகள் சிலவற்றில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஈயக் கூட்டுப்பொருள்கள் சேர்க்கப்பட்டன. குழந்தை கையில் எடுக்கும் பொருள் அடுத்த நொடியில் வாய்க்குள் போகும். ஈயம் வளரும் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று இந்திய அரசு 2016இல் விதி வகுத்தது. ஆந்திர நாட்டு ஏடிகொப்பாக என்னும் ஊரில் சி. வி. ராஜு என்பவர் கடைசல்காரரோடு சேர்ந்து இயற்கைச் சாயங்களை மீண்டும் அரக்கில் கலக்கும் முறையை வளர்த்தார். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பழைய அறிவு செத்துவிடவில்லை. கேட்பார் இருந்தால் எழுந்து வரும் என்பதற்கு இது சான்று.

இனி, மரத்துக்குச் சாயம் ஏற்றுவோர் நல்ல பயன் பெறுவது எப்படி என்பதைச் சொல்லுகிறேன். இவையெல்லாம் நாம் இதுவரை கண்ட வரலாற்றிலேயே அடங்கியிருப்பவை.

மரம் நன்கு உலர்ந்திருக்கவேண்டும். நீர் நிறைந்த குழாயில் சாயம் எப்படி நுழையும்? பழைய பூச்சு, மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை முற்றும் நீங்கவேண்டும். தேக்கு இயல்பிலேயே எண்ணெய்ப்பசை உடையது. அதை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துக்கொள்வது நல்லது. உப்புத்தாளால் தேய்க்கும்போது ரேகையின் போக்கிலேயே தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது கண்ணுக்குப் புலப்படாது. சாயம் ஏறியதும் ஒவ்வொரு கீறலும் கருங்கோடாக எழுந்து நிற்கும். தூசியைத் துடைத்துவிட்டு, அதே மரத்தின் துண்டு ஒன்றில் முதலில் சாயத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். கடையில் காட்டும் அட்டையின் நிறம் உங்கள் வீட்டு மரத்தின் நிறமாக இராது.

சாயத்தை ரேகையின் போக்கில் தடவி, சில நிமிடம் விட்டு, மிகுதியைத் துணியால் துடைத்துவிடுங்கள். இந்தத் துடைத்தல்தான் பலர் மறக்கும் வேலை. மரம் தனக்கு வேண்டியதைக் குடித்துவிடும். குடிக்காமல் மேலே நிற்பது பிசுபிசுப்பாகவும் திட்டாகவும் காயும். இன்னும் ஆழ்ந்த நிறம் வேண்டுமானால், உலர்ந்தபின் மற்றொரு மெல்லிய கை கொடுக்கலாம். பலகையின் வெட்டுமுனை மிகுதியாகக் குடிக்கும் என்பதை மைச்சொட்டுச் சோதனையில் கண்டோம். ஆகையால் அம்முனையை மேலும் வழுவழுப்பாகத் தேய்த்தோ, நீர்த்த அவலரக்குக் கரைசலை ஒருமுறை தடவியோ அதன் தாகத்தை முன்பே குறைத்துவிடவேண்டும். பைன் போன்ற மென்மரங்கள் திட்டுத்திட்டாக நிறம் பிடிப்பதைத் தடுக்கவும் இதே முறை உதவும். சாயம் நிறம் தரும், காவல் தராது. எனவே முடிவில் அரக்கு மெருகோ எண்ணெய் மெருகோ வேண்டும்.

நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. ஆனி ஆடியில் குற்றாலச் சாரல் வீசும்போது அரக்கு மெருகு பூசுதல் ஆகாது. ஸ்பிரிட் விரைந்து ஆவியாகும்போது மரத்தின் மேனி குளிர்கிறது. ஈரக்காற்றில் உள்ள நீர் அதன்மேல் படிகிறது. மெருகு பால்போல வெளுத்துவிடுகிறது. மலைக்காற்று அருவிக்கு நல்லது, மெருகுக்கு ஆகாது. தச்சர் வெயில் நாளுக்காகக் காத்திருப்பது இதனால்தான். அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். மற்றோர் எச்சரிக்கை எங்கும் பொது. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியலாகாது. அது காற்றோடு கூடித் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலர்த்தவேண்டும்.

இவ்வளவு சொன்னேன், ஆனால் என் கவலை புதுப்பலகையைப் பற்றியது அன்று. தென்காசியிலும் செங்கோட்டையிலும் இவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தலைமுறை பல கண்ட வாயில்நிலைகளும் கதவுகளும் இன்னும் இருக்கின்றன. கொடியும் அன்னமும் மாங்காயும் செதுக்கிய நிலைகள் அவை. அவற்றுள் பல எண்ணெய் ஒன்றையே உண்டு கறுத்து உரமேறியவை. விழாவோ திருமணமோ வந்தால் வீட்டார் ஒரு டப்பா எனாமல் வாங்கி அதன்மேல் அடித்துவிடுகிறார்கள். ஒருமுறை அடித்தால் பளபளக்கும். ஐந்தாறு முறை அடித்தபின் கொடியின் நரம்பும் அன்னத்தின் இறகும் வண்ணத்துக்குள் புதைந்துபோகும். பிறகு ஒருவர் அதைச் சுரண்டி எடுக்க முயலுவார். வண்ணத்தோடு உளியின் தடமும் போய்விடும். அந்தத் தடமே அச்சிற்பியின் கையெழுத்து. அவர் வேறு எங்கும் கையெழுத்து இட்டுச் செல்லவில்லை.

பழம்பொருள்களைக் காக்கும் அறிவியலுக்கென்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டிலேயே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. இத்துறையினர் போற்றும் நெறி ஒன்று உண்டு. நாம் இன்று செய்வதை நாளை ஒருவர் பழுதின்றி நீக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதே அது. அரக்கு மெருகை ஸ்பிரிட்டால் கரைத்து எடுத்துவிடலாம். எனாமலை அவ்வாறு எடுக்க இயலாது. நம் தச்சர் கையாண்ட பழைய பொருள் இன்றைய அறிவியலின் நெறிக்குப் பொருந்தி நிற்பதைக் காணுங்கள்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பழங்கதவுக்கு வண்ணம் அடிக்க ஏற்பாடு நடந்தால், பெரியவர்களிடம் மூன்று செய்திகளைப் பணிவோடு சொல்லுங்கள். முதலில் கதவை நன்றாகத் துடைத்துப் பார்க்கலாம். அடுத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்க்கலாம். வண்ணம் அடித்தே ஆகவேண்டும் என்றால் அதற்கு முன் ஒரு நிழற்படமாவது எடுத்து வைக்கலாம். பெரும்பாலும் முதற்செய்தியிலேயே வேலை முடிந்துவிடும். தூசிக்குக் கீழே மரம் நலமாகவே இருக்கும்.

விடுமுறை நாளில் குற்றாலத்துக்குப் போவீர்கள். அருவியில் நீராடியபின் சித்திர சபையையும் பாருங்கள். ஒரு நாள் கடையம் வழியாகத் தெற்கே சென்று அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறை ஒன்றின் வாயிலில் நின்று, சுழலும் கட்டையின்மேல் அரக்குக் கோல் படியும் அந்த ஒரு நொடியைக் காணுங்கள். செப்புச் சாமான் ஒன்றை விலை கொடுத்து வாங்குங்கள். அதில் ஏற்றியது என்ன சாயம் என்று கேட்டு வாங்குங்கள். வாங்குவோர் கேட்கக் கேட்கத்தான் செய்வோரும் நல்ல சாயத்தைத் தேடுவர்.